ஆர்.வி.ல குடியேறினா வாடகை மிச்சமாகுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க சான் ஹோசேல இருக்கோம், ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு, ரெண்டு பேரும் ரிமோட் வேலை. வாடகையே 3,400 டாலர் போகுது. வீட்ட காலி பண்ணிட்டு 1,10,000 டாலருக்கு புது கிளாஸ் சி ஆர்.வி. (வேன் சேசிஸ் மேல படுக்கை, கிச்சன் எல்லாம் வச்சு கட்டின நடமாடும் வீடு) எடுத்து ஊர் சுத்திக்கிட்டே வேலை பாக்கலாம்னு பிளான். 10% டவுன் கட்டினா 8.5% வட்டி, 20 வருஷ லோன், மாசம் 860 தான்னு டீலர் சொல்றார். லாபம்தானே?

பதில்: 860 சரியான கணக்குதான். ஆனா அஞ்சு வருஷம் தள்ளி நின்னு பாருங்க, அதுவரை 51,500 கட்டியிருப்பீங்க, அசல்ல குறைஞ்சது 12,000 கூட இருக்காது, இன்னும் 87,000 பாக்கி நிக்கும். வண்டி அதுக்குள்ள பாதி விலைக்கு வந்திருந்தா ஆச்சரியமே இல்ல. போதும்டா சாமின்னு அன்னைக்கு விக்கப் போனா, கைக்காச போட்டுத்தான் லோன முடிக்கணும். அதனால புதுசு வேணாம், அஞ்சாறு வருஷம் ஓடின வண்டியா, முடிஞ்சா முழுப் பணமும் கொடுத்து வாங்குங்க. நிரந்தரமா குடியிருக்கப் போறோம்னா சில பேங்க் லோனே தராது, அத மறைச்சு மட்டும் வாங்காதீங்க.

அடுத்தது டீசல், பெட்ரோல். இந்த சைஸ் வண்டி கேலனுக்கு 9 மைல் கொடுத்தா பெரிய விஷயம், மாசம் 1,500 மைல் ஓட்டினா கேலன் 4 டாலர்னு வச்சாலும் 660க்கு மேல ஆகுது. வண்டிய நிறுத்தித் தங்கற கேம்ப்கிரவுண்டும் அப்படித்தான், ராத்திரிக்கு ராத்திரி கட்டினா கொள்ளை, ஒரே இடத்துல மாசக்கணக்கா இருந்தா ரேட் நல்லாவே இறங்கும். பி.எல்.எம். நிலத்துல (ஃபெடரல் அரசாங்கத்தோட பொது நிலம்) பல இடங்கள்ல 14 நாள் ஓசியில இருக்கலாம், ஆனா கரண்ட், தண்ணி, நெட் எல்லாம் உங்க பாடு, ஜூம் மீட்டிங் நடுவுல பேட்டரி போச்சுன்னா மேனேஜர் கிட்ட என்ன சொல்லுவீங்க?

இப்ப டாக்ஸ், எல்லாரும் கோட்டை விடுற இடம். சவுத் டகோடால ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, ஒரு ராத்திரி தங்கின ரசீதும் மெயில்பாக்ஸ் அட்ரஸும் இருந்தா லைசென்ஸ் வாங்கிடலாம், அதனாலதான் ஆர்.வி. ஜனம் பூரா அங்க போகுது. ஆனா லைசென்ஸ மாத்திட்டு வருஷத்துல 9 மாசத்துக்கு மேல கலிஃபோர்னியாலயே சுத்திக்கிட்டு இருந்தா, நீங்க இன்னும் அந்த ஊர்க்காரர்தான்னு எடுத்துப்பாங்க. அங்க வேலை பார்த்த நாட்களுக்கு உண்டான ஆர்.எஸ்.யூ. (கம்பெனி சம்பளத்தோட தர்ற பங்கு), நீங்க வெளிய போனப்புறம் வெஸ்ட் ஆனாலும், அதாவது உங்க கைக்கு வந்தாலும், அதுல கலிஃபோர்னியா தன் பங்க கேக்கும். எந்த ஸ்டேட்ல உக்காந்து வேலை பாக்கறீங்கன்னு எச்.ஆர். கிட்ட முன்கூட்டியே எழுத்துல கேட்டுக்கோங்க. டபிள்யூ-2ல, அதாவது கம்பெனி சம்பளக்காரங்களா, இருக்கறதால வண்டிய ஹோம் ஆபீஸ்னு காட்டி ஃபெடரல் டாக்ஸ்ல கழிக்கவும் முடியாது. (எச்-1பி வேலை விசால இருக்கறவங்க இத படிச்சிட்டு கிளம்பிடாதீங்க, வேலை பாக்கற இடம் மெட்ரோ ஏரியா தாண்டி மாறினா கம்பெனி உங்க விசாவுக்கு போட்ட பெட்டிஷனையே திருத்தணும், முதல்ல வக்கீலப் பாருங்க.)

இன்சூரன்ஸ் எடுக்கறப்ப ஃபுல்-டைமர் பாலிசியான்னு (வண்டியிலயே குடியிருக்கறவங்களுக்கானது) கேட்டு வாங்குங்க, சாதா ஆர்.வி. பாலிசி லீவுக்கு போறவங்களுக்கு. ஹெல்த் பிளான் ஆபீஸ் வழியா இருந்தா வெளி ஸ்டேட்ல எந்த டாக்டர் நெட்வொர்க்ல வர்றார்னு பாத்துக்கோங்க, எச்.எம்.ஓ.ன்னா (தன் நெட்வொர்க் டாக்டர்கிட்ட மட்டும் போகச் சொல்ற பிளான்) எமர்ஜென்சி தவிர பெரும்பாலும் கைவிரிச்சிடுவாங்க.

என்ன கேட்டா, வீட்ட இப்பவே காலி பண்ணாதீங்க. ஒரு மாசம் வாடகைக்கு ஒரு கிளாஸ் சி எடுத்து, லீவு போடாம அதுலேர்ந்தே வேலை பாருங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆபீஸ் ஃபோன் கால்ல பேசற நாள் நிச்சயம் வரும், அப்ப தெரியும் அந்த வண்டி எவ்ளோ சின்னதுன்னு. அந்த மாச செலவு பில்ல எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க, உக்காந்து பேசலாம்.