தமிழ்நாட்டில் பிறந்த மனைவிக்கு மலேசியக் குடியுரிமை: பத்திரங்களில் பெயர் ஒத்துவராவிட்டால்?

கேட்டவர் கோலாலம்பூர்க்காரர். மனைவி மதுரையில் பிறந்தவர், கையில் சிவப்பு ஐசி (நிரந்தர வசிப்பிடத்தாரின் அடையாள அட்டை) இருக்கிறது. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) மூன்றிலும் பெயர் மூன்று விதம். ஓர் அக்குவான் பெர்க்கானுன் (சட்டப்படியான சத்தியப் பிரமாணம்) எடுத்துக் கொடுத்தால் போதுமா என்பது கேள்வி.

எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால் அது உதவும். பிறந்த தேதியோ அப்பா பெயரோ மாறியிருந்தால் அதை நம்பி விண்ணப்பத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

தமிழ்ச்செல்வி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றில் 'டி', இன்னொன்றில் 'டிஎச்'. ழகரத்துக்கு ஓரிடத்தில் 'எல்', வேறோரிடத்தில் 'இசட்எச்'. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் இனிஷியல், கடப்பிதழில் முழுப்பெயர். 1960ஆம் ஆண்டு அக்குவான் பெர்க்கானுன் சட்டப்படி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திடும் பிரமாணம் இதற்குத்தான். "எல்லாம் நான்தான்" என்று ஒரு வரியில் முடித்தால் பயன் குறைவு. ஒவ்வொரு பத்திரத்தின் எண், தேதி, கொடுத்த அலுவலகம், அதில் உள்ள பெயர் எழுத்துக்கெழுத்து அப்படியே. கடைசியில் கடப்பிதழ்ப் பெயரே சரியான பெயர் என்ற அறிவிப்பு. இப்படி எழுதச் சொல்லுங்கள்.

தேதிச் சிக்கல் வேறு ரகம். ஊரில் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று பள்ளி திறக்கும் ஜூனுக்கு முந்தைய தேதி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். கடப்பிதழும் அதைப் பார்த்தே எடுத்திருப்பார்கள். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. ஆகவே அந்தத் தவறு எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எது உண்மைத் தேதி என்று முடிவுசெய்து, தவறான பத்திரத்தை அதைக் கொடுத்த இடத்திலேயே திருத்துங்கள்: பிறப்புப் பதிவு என்றால் மாநகராட்சி, கடப்பிதழ் என்றால் இங்குள்ள இந்தியத் தூதரகம். கடப்பிதழ் மாறினால் குடிநுழைவுத் துறையிலும் தேசியப் பதிவிலாகாவிலும் உள்ள பதிவுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். விண்ணப்பத்துக்கு முன்னால் செய்வதே நல்லது.

பலர் கவனிக்காமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கடப்பிதழ் புதுப்பிக்கும்போது அப்பா பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். மலேசியாவில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணின் ஐசியில் அப்பா பெயர்தான் இருக்கும். கடப்பிதழில் மட்டும் கணவர் பெயர் ஏறினால், பிறப்புப் பத்திரத்தோடும் திருமணப் பத்திரத்தோடும் அது ஒட்டாது.

திருமணப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். மலேசியரின் மனைவி விண்ணப்பிப்பது அரசியலமைப்பின் 15(1) பிரிவின் கீழ். அதில் சொல்லும் திருமணம் மலேசியச் சட்டப்படி பதிவானதாக இருக்க வேண்டும். மதுரைக் கோயிலில் தாலி கட்டிய போட்டோவோ தமிழ்நாட்டுப் பதிவு மட்டுமோ போதாது. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் விதி. இன்னும் செய்யவில்லை என்றால் பதிவிலாகாவில் முதல் வேலை அதுதான்.

பிறப்புப் பத்திரம் பழையதாக, தமிழில் கையால் எழுதியதாக இருந்தால், முதலில் ஆங்கிலத்திலும் அச்சான புதிய பிரதி கிடைக்குமா என்று மாநகராட்சியில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். வங்சா மாஜுவில் உள்ள ஐடிபிஎம் என்ற மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம் அதைச் செய்கிறது. மொழிபெயர்ப்பவரிடம் கடப்பிதழ் நகலைக் கொடுத்து அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான்காவதாக ஒரு பெயர் முளைத்துவிடும். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பத்திரமும் உண்டு. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் பதிந்தது அது. யாருடையது என்று காட்டாத அந்தத் தாளை அப்படியே கொடுக்காமல், பெயரைச் சேர்க்க முடியுமா என்று ஊரில் உள்ளவர்களை விட்டு விசாரியுங்கள்.

பழைய கடப்பிதழ்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். அதற்குக் கடப்பிதழில் குத்திய நுழைவு, வெளியேற்ற முத்திரைகள் சாட்சி. புதியதில் முந்தைய கடப்பிதழின் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒருவருடையவை என்பதற்கு அந்த ஒரு வரி, எந்தப் பிரமாணத்தையும்விட வலுவானது.