பச்சையாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள்

கேள்வி: ஐயா, வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைப்ரஸ் கன்றுகளைப் பெயின்ட் வாளியில் வைத்திருக்கிறேன். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் வாங்கியவை. இடப்பக்கத்துக் கன்று மூன்று வாரமாக அடியிலிருந்து பழுப்பாகிக்கொண்டு வருகிறது. தண்ணீரைக் கூட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது. மற்றது நன்றாக இருக்கிறது. (வாசகி, நானுஓயா)

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள் தங்கச்சி. மீதியை அப்புறம் பேசுவோம்.

ரோஜாவுக்கு வேரில் வருத்தம் என்றால் மத்தியானமே தலையைத் தொங்கப் போட்டுச் சொல்லிவிடும். சைப்ரஸ் அப்படியில்லை. கிறிஸ்மஸுக்கு வெட்டி வந்த கிளை, வேரே இல்லாமல் புதுவருஷம் தாண்டியும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாடியில் இருக்கும் கன்றும் அதே குணம்தான். இலை பழுக்கத் தொடங்கியது மூன்று வாரத்துக்கு முன்பு என்றால், வேர் கெட்டது அதற்கும் முன்பு.

வாளியைச் சரித்து அடியைப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்திய ஒரே ஓட்டை, அதுவும் சீமெந்துத் தரையோடு ஒட்டி அடைத்துப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கன்றை மண்ணோடு உருவி எடுங்கள். நல்ல வேர் விறைப்பாக, வெளிர்நிறமாக இருக்கும். அழுகின வேர் கறுத்துச் சாக்கடைக் கான் நாற்றம் அடிக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் நல்ல வேர் என்றால் கறுத்ததை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கி எறியுங்கள். அந்த மண்ணை மட்டும் வேறு சாடிக்குப் போடாதீர்கள்.

புது வாளியின் அடியில் விரல் தடிப்பில் ஆறேழு ஓட்டை வேண்டும். மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு கை கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். வடியாது. கல்லுக்கு மேலே மண் ஊறியபடிதான் இருக்கும். வேருக்கு இருந்த இடமும் குறையும். தேயிலை மலை மண்ணை அப்படியே நிரப்பினால் களியாக இறுகிவிடும். அதில் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, பரும்படியான மணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கூத்து இருக்கிறது. அடர்ந்த சைப்ரஸ் தன் சாடிக்குத் தானே குடை. நாள் முழுக்கத் தூறல் விழுந்து வாசலெல்லாம் ஈரமாக இருக்கும். வாளிக்குள் மண் காய்ந்து கிடக்கும். மாசிக் காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் மழையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். நான் வாளியின் விளிம்பைக் காலால் தள்ளிப் பார்ப்பேன். கனத்து நின்றால் ஈரம், லேசாக ஆடினால் தாகம்.

அந்த 'நன்றாக இருக்கும்' வலப்பக்கத்துக் கன்றையும் இன்றைக்கே சரித்துப் பாருங்கள்.

கேள்வி: சாடியில் வளர்த்த சைப்ரஸ் உயரமாகி உள்ளே மொட்டையாகிவிட்டது. தேயிலைக்குச் செய்வது போலக் கவ்வாத்து வெட்டினால் தளிர்க்குமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தளிர்க்காது தம்பி. இதை நான் செய்து பார்த்தே தெரிந்துகொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் தவறணையில் நின்றவன் நான். (யாழ்ப்பாணத்து வாசகர்கள் கள்ளுக்கடை என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கம் தவறணை என்றால் நாற்றுமேடை.) தேயிலையை முட்டிவரை வெட்டினாலும் துளிர்க்கும் என்ற தைரியத்தில், பங்களா வாசலில் நின்ற சைப்ரஸையும் அதே கத்தியால் அதே உயரத்துக்கு இறக்கினேன். துரை ஒன்றும் பேசவில்லை, அந்த மொட்டைக் குச்சியை நான்கு மாதம் அப்படியே நிற்க விட்டார். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

இலையில்லாத பழைய கட்டையிலிருந்து சைப்ரஸ் துளிர்விடாது. பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டும், வருஷத்துக்கு இரண்டு தரம் நுனி கிள்ளுங்கள். உள்பக்கத்துப் பழைய இலை காய்ந்து உதிர்வது இயற்கை, பயம் வேண்டாம். உயரம்தான் கவலை என்றால் ஹக்கல பூங்காவுக்கு ஒருதரம் போய் அங்கே நிற்கும் சைப்ரஸை அண்ணாந்து பாருங்கள். அதைத்தான் வாளிக்குள் அடக்கி வைத்திருக்கிறீர்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உருவி எடுத்து, வட்டமாகச் சுற்றின வேரை நாலு இடத்தில் கீறி, சற்றுப் பெரிய சாடிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ரோட்டோரத்துப் பைனஸ் கன்றைச் சாடியில் வைத்து வருஷா வருஷம் கிறிஸ்மஸ் மரமாக்கலாமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: இரண்டு வருஷத்தில் கூரையைத் தேடும். அரோக்கேரியா வாங்குங்கள். நோர்போக் தீவிலிருந்து வந்த மரம், தட்டுத் தட்டாகக் கிளை விடும், சாடியில் பொறுமையாக வளரும். உச்சிக் குருத்தை மட்டும் உடைத்துவிடாதீர்கள், அந்த அழகு திரும்பாது. பக்கக் கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடித்தாலும் பக்கவாட்டில் படுத்தே வளரும். நாற்றுக் கடையில் மலிவாகக் கிடைத்தால், அப்படி ஒடித்து நட்ட கன்றா என்று கவனியுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் வீட்டுக்குள் வைக்கலாம், பிறகு வெளியே.

கேள்வி: தேயிலைக்குப் போடும் பசளையைச் சாடிக்கும் போடலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: ஏன், அதில் கொழுந்து பறிக்கப் போகிறீர்களா? ஒரு பிடி கூட்டெரு போதும்.