2^ப + ப² பகா எண்: 3 மட்டும்தான் என்று நிறுவுவது எப்படி?

ப-உம் 2^ப + ப²-உம் இரண்டுமே பகா எண்களாக வரும் ப எது என்பது உங்கள் கேள்வி. 3 சரி (8 + 9 = 17), 11 வரை வேறெதுவும் வரவில்லை, ஆனால் கடைசி இலக்கத்தை வைத்து முயன்றும் நிறுவ வழி தெரியவில்லை என்கிறீர்கள். கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனதுதான் சிக்கல். நீங்கள் போட்ட கணக்கையே பாருங்கள்: 5-க்கு 57, 7-க்கு 177, 11-க்கு 2169. மூன்றுமே 3-ஆல் வகுபடுகின்றன. அது தற்செயல் இல்லை.

3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 1. இனி 2-இன் அடுக்குகள்: 2, 4, 8, 16... மீதி 2, 1, 2, 1 என்று மாறி மாறி வரும். அடுக்கு ஒற்றைப்படை என்றால் மீதி 2. இங்கே ப ஒற்றைப்படைதான். மீதிகள் 2-உம் 1-உம் சேர்ந்தால் 3, ஆகவே 2^ப + ப² 3-ஆல் வகுபடும், அவ்வளவுதான். 2^ப + ப² 3-ஐவிடப் பெரியது, ஆகவே பகு எண். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. அப்புறம் ப = 2-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும்: 4 + 4 = 8, ஆகாது.

வர்க்கத்தைக் கண்டதும் 3-ஆல் மீதி பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் எப்போதும் கைகொடுக்காது. ப, 4ப² + 1, 6ப² + 1 மூன்றும் பகா எண்கள் என்றால் ப என்ன? இதற்கு 5-ஆல் மீதி பாருங்கள். 101, 151 என்று வந்தால் சரியான விடைதான்.