ஒரு பட்டியல், மூன்று செயலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு தமிழ் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். சொற்பட்டியல் ஓரிடம், ஒலிப்பதிவு ஓரிடம், பயிற்சி ஓரிடம் என்று சிதறிக் கிடக்கிறது. ஒன்றாகக் கோக்க முடியுமா?
(வாசகி, டொராண்டோ)

பதில்: முடியும். கூகுள் ஷீட்டில் பட்டியலை வையுங்கள். சொற்களை அட்டைகளாகக் காட்டி, மறக்காமலிருக்கத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆங்கி செயலியில் அட்டையாக்குங்கள். வாரத்துக்கு 15 சொல் போதும், அதற்கு மேல் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

ஷீட்டில் ஐந்து நெடுவரிசை: எண், சொல், பொருள், வாக்கியம், ஒலி. முதலில் எண் ஏன்? முதல் புலம் (ஷீட்டின் நெடுவரிசைக்கு ஆங்கியில் பெயர் புலம்) ஒத்துப்போனால் ஆங்கி பழைய அட்டையின் மேலேயே எழுதிவிடும். சொல்லை முதலில் வைத்தால் மாடிப்படியின் 'படி'யை அரிசி அளக்கும் 'படி' விழுங்கிவிடும். ஆங்கியிலும் ஐந்து புலங்கள் கொண்ட புதிய நோட் டைப் (அட்டைக்கான அச்சு) உருவாக்குங்கள். அட்டையில் எண்ணைக் காட்டவேண்டாம்.

பொருளை நிரப்ப ஷீட்டின் கூகுள் டிரான்ஸ்லேட் ஃபார்முலா உண்டு. வெறும் 'படி'யைக் கொடுத்தால் எந்தப் படி என்று அதற்கு எப்படித் தெரியும்? வாக்கியத்தை மொழிபெயர்க்க விட்டு, சொல்லின் பொருளை நீங்களே எடுத்து எழுதுங்கள்.

ஒவ்வொரு சொல்லையும் ஃபோனில் பதிந்து 001, 002 என்று எம்பி3 கோப்புகளாக்குங்கள். அவற்றை ஆங்கியின் மீடியா கோப்புறையில் நேரடியாகப் போடவேண்டும். உள்ளே தனிக் கோப்புறை வைத்தால் ஒலிக்காது. ஐந்தாவது நெடுவரிசையில் சதுர அடைப்புக்குறிக்குள் சவுண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கோப்பின் முழுப்பெயர்: [sound:001.mp3].

ஷீட்டிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) இறக்கி அப்படியே ஆங்கிக்குள் இம்போர்ட் செய்யுங்கள். நடுவில் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமிக்காதீர்கள். கோப்பு யுனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டில் இருப்பதை எக்செல் கவனிக்காமல் விட்டால் தமிழ் முழுக்கக் கோணல்மாணல் குறிகளாகிவிடும், திரும்ப வராது. பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு செயலி இலவசம். ஐபோன் செயலிக்குக் காசு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரவுசரில் ஆங்கியின் இணையதளமான ஆங்கிவெப்பைத் திறக்கட்டும்.

கேள்வி: கூகுள் ஃபார்ம்ஸ் தேர்வில் 'ஔவை' என்று சரியாக எழுதிய பிள்ளைக்கும் தவறு என்று வருகிறதே?

பதில்: கண்ணுக்குச் சரி, கணினிக்கு இல்லை. ஔ ஓரெழுத்து. பிள்ளை ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்திருக்கும். ஷீட்டில் குறிகளை எண்ணும் லென் ஃபார்முலா போட்டுப் பாருங்கள் ('வை'யை அது வ, ஐகாரக் குறி என்று இரண்டாக எண்ணும்): 'ஔவை' 3 காட்டும், 'ஒளவை' 4 காட்டும். எ எழுத்தும் ௭ என்ற தமிழ் எண்ணும் இப்படித்தான் காலை வாரும். சரியான விடையாக ஒன்றுக்கு மேல் சேர்க்க ஃபார்ம்ஸ் இடம் தருகிறது. இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். பத்து வயதில் விசைப்பலகைத் தவறுக்கு மதிப்பெண் வெட்டுவது அநியாயம்.

கேள்வி: இவ்வளவும் கோத்த பிறகு ஒரு சேவையை மூடிவிட்டால்?

பதில்: மூடத்தான் செய்வார்கள். இணையச் சேவைகளை ஒட்டவைக்க 2007இல் வந்த யாஹூ பைப்ஸ் 2015இல் நின்றது. அதை நம்பிக் கட்டியவையும் நின்றன. அதனால்தான் பட்டியலும் ஒலியும் உங்கள் கையில் இருக்கவேண்டும் என்கிறோம். மாதம் ஒருமுறை சிஎஸ்வியையும் எம்பி3 கோப்புறையையும் பென்டிரைவில் ஏற்றிவையுங்கள்.