வாசகர் கேள்வி - பதில்: பெற்ற இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்தியவர். என்னை ஆண்டவரிடம் வழிநடத்தியவரும் அவரே. இப்போது இரண்டு ஆண்டுகளாக ஆலயத்திற்கு வருவதில்லை. "இவற்றில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை" என்று கோபமில்லாமல் சொல்கிறார். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவரே, கவலைப்படாதே" என்று ஒரு போதகர் ஆறுதல் சொன்னார். "அவர் இரட்சிப்பை இழந்துவிட்டார்" என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். நான் எதை நம்புவது?

பதில்: சகோதரி, அந்த இருவருமே தங்களுக்குத் தெரிய வழியில்லாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் அண்ணனுடைய வாழ்க்கை இன்னும் முடிந்துவிடவில்லை. அதன் கடைசிப் பக்கத்தை அவர்களில் யாரும் வாசிக்கவுமில்லை.

ஆனால் கேள்வி தங்கள் அண்ணனோடு முடிந்துபோவதில்லை என்பதால், வேதம் சொல்வதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். "இரட்சிக்கப்பட்டவர்" என்று நாம் இறந்தகாலத்தில் பேசியே பழகிவிட்டோம். அந்தப் பழக்கமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியருக்கு எழுதும் பவுல் (2:8), கொரிந்தியருக்கு எழுதும்போது "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நிகழ்காலத்துக்கு வருகிறார் (1 கொரி. 1:18); ரோமருக்கோ, நாம் விசுவாசிகளான நாளைவிட இப்பொழுது இரட்சிப்பு நமக்கு அருகில் வந்திருக்கிறது என்று, அதை இனி வரவேண்டிய ஒன்றாகவே சொல்கிறார் (13:11). மூன்று காலங்களிலும் விரிகிற ஒன்றை ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்ட சம்பவமாகச் சுருக்கிக்கொண்டு, பிறகு அது "போய்விடுமா, போகாதா" என்று கேட்டால், எந்தப் பதிலும் அரைகுறையாகவே நிற்கும்.

பாதுகாப்பைக் குறித்த வாக்குத்தத்தங்கள் மிகத் தெளிவானவை. தம்முடைய ஆடுகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்றும், ஒருவனும் அவற்றைத் தம் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்றும் ஆண்டவர் சொன்னார் (யோவான் 10:28). மூல கிரேக்கத்தில் அந்த "ஒருக்காலும்" இரட்டை எதிர்மறையோடு மிகுந்த அழுத்தத்துடன் வருகிறது. பரிசுத்த ஆவியானவரை நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம் என்கிறார் பவுல் (எபே. 1:14). அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் கெடுவது அவருடைய சொல்தான். தேவன் தம் சொல்லையே இதற்குப் பிணையாக வைத்திருக்கிறார் என்பது அந்த வார்த்தையின் பொருள். ரோமர் 8:30இல் முன்குறித்தல், அழைத்தல், நீதிமானாக்குதல், மகிமைப்படுத்துதல் என்று வரும் சங்கிலியில் நடுவழியில் ஒருவர்கூட உதிர்ந்துபோவதாக இல்லை.

எச்சரிப்புகளும் அதே அளவுக்குத் தெளிவானவையே. கனிகொடாத கொடி அறுத்துப்போடப்படும் (யோவான் 15:2), தேவனுடைய தயவிலே நிலைத்திராவிட்டால் நீயும் வெட்டுண்டுபோவாய் (ரோமர் 11:22), முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான் (மத். 24:13). இவற்றை வெளியே நிற்கும் அவிசுவாசிகளுக்குச் சொன்னவை என்று ஒதுக்க முடியாது. இவை சபைக்கும் சீஷருக்கும் சொல்லப்பட்டவை.

இந்த இரண்டு வரிசைகளையும் இணைக்கும் முயற்சியில்தான் திருச்சபையின் மரபுகள் பிரிந்தன. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் லூத்தரன்கள், ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்ற போதனையைக் கண்டித்தார்கள். 1547இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவத்தினால் (அறிந்தே மனமுவந்து செய்யும் கொடிய பாவத்தினால்) நீதிமானாக்கும் அருளை ஒருவர் இழக்கக்கூடும் என்றும், ஒப்புரவு அருள்சாதனத்தின் வழியாக அதை மீண்டும் பெறலாம் என்றும் கத்தோலிக்கப் போதனையை வகுத்தது. நெதர்லாந்தில் அர்மினியஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றியவர்கள் 1610இல் வெளியிட்ட ஐந்து அம்ச அறிக்கையில், விசுவாசி முற்றிலும் விழுந்துபோக முடியுமா என்ற கேள்வியை, வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்று சொல்லித் திறந்தே வைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அவர்களுக்கு மறுமொழியாக 1618 - 1619இல் கூடிய டச்சு சீர்திருத்த சபையின் டோர்ட் மாநாடு, தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கொடிய பாவத்தில் விழக்கூடும், கிருபையின் உணர்வைச் சிலகாலம் இழக்கவும்கூடும், ஆனால் அடியோடு விழுந்து அழிந்துபோவதில்லை என்று தீர்மானித்தது. 1751இல் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஸ்தாபகர் ஜான் வெஸ்லி இதை மறுத்து எழுதினார்.

டோர்ட் மாநாட்டின் பெயரைச் சொல்லி இன்று "எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை" என்று பேசுகிறவர்கள் அதன் தீர்மானங்களை வாசித்ததில்லை என்றே தோன்றுகிறது. தேவன் தம் பிள்ளைகளைக் காத்துக்கொள்வது வார்த்தையைக் கேட்பதாலும் தியானிப்பதாலும், அதன் புத்திமதிகளாலும் பயமுறுத்தல்களாலும் வாக்குத்தத்தங்களாலும், திருவிருந்து முதலிய சாக்கிரமந்துகளாலுமே என்று அதன் ஐந்தாம் பகுதி வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது எச்சரிப்பு வாக்குத்தத்தத்துக்கு எதிரானதன்று. வாக்குத்தத்தம் நிறைவேறும் வழிகளில் ஒன்று. என் புரிதலும் இதுவே. ஆயினும் என் பக்கத்துக்கு இடறலான வசனம் ஒன்று உண்டு என்பதை மறைக்க மாட்டேன்: எபிரெயர் 10:29, தன்னைப் பரிசுத்தஞ்செய்த உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுகிறவனைப் பற்றிப் பேசுகிறது. அதை வசதியாக விளக்கிவிட்டதாகச் சொல்லும் எவரையும் நான் இதுவரை முழுமையாக நம்பியதில்லை. எதிர்ப்பக்கத்தாருக்கு ரோமர் 8:30 அதே வேலையைச் செய்கிறது.

தங்கள் அண்ணனுக்கு வருவோம். 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில், இம்மைக்குரிய ஆசையினால் தேமா தன்னைவிட்டுப் பிரிந்துபோனான் என்று பத்தாம் வசனத்தில் எழுதுகிற பவுல், அடுத்த வசனத்திலேயே மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார். அவன் ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்கு முதல் பயணத்தில் பாதியில் திரும்பிப்போனதால், பவுலும் பர்னபாவும் கடுமையாக வாதிட்டுப் பிரிய நேர்ந்தது. மாற்கு விட்டுப்போனது ஊழியத்தையே தவிர விசுவாசத்தையன்று. ஆகவே இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்கு திரும்பி வந்ததை எழுதிய வேதம், தேமாவின் முடிவை எழுதாமலேயே விட்டுவிட்டது. அந்த மௌனத்தை மீறித் தங்கள் அண்ணனுக்கு முடிவெழுத யாருக்கும் உரிமையில்லை. இன்றைய நிலையில் அவருக்கு "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்" என்று சொல்வது இரக்கமன்று. "உங்கள் கதை முடிந்தது" என்று சொல்வது உண்மையன்று. அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். எது அவருடைய நம்பிக்கையைத் தளரச் செய்தது என்று, பதில் சொல்லும் அவசரமின்றி ஒருநாள் கேளுங்கள்.

கேள்வி: எபிரெயர் 6:4 - 6 வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. விசுவாசியான பிறகு ஒரு பாவத்தில் பலமுறை விழுந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரட்சிப்பை இழந்துவிட்டதாக எண்ணி, இரட்சிப்பின் ஜெபத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு மனந்திரும்ப இடமே இல்லையா?

பதில்: சகோதரரே, அந்தப் பகுதி தங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதற்குத் தங்கள் கடிதமே சாட்சி. அங்கே சொல்லப்படுகிறவர்கள் பாவத்தில் தடுக்கி விழுந்து அழுகிறவர்கள் அல்லர். ஒளியைக் கண்டு, ருசிபார்த்து, பின்பு தெரிந்தே கிறிஸ்துவை மறுதலித்து, அவரை மறுபடியும் சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துகிற பக்கத்தில் போய் நின்றுகொண்டவர்கள். அப்படிப்பட்டவர் மனந்திரும்ப இடம் தேடி உறக்கமிழக்க மாட்டார். அதே அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தையும் வாசியுங்கள்; இவ்வளவு கடுமையாக எழுதிய பிறகு ஆசிரியர், "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் தம் வாசகரிடத்தில் இருப்பதாகத் தாம் நம்புவதைச் சொல்கிறார்.

சபை இந்தக் கேள்வியை ஏட்டளவில் மட்டும் சந்திக்கவில்லை. கி.பி. 250இல் பேரரசன் டேசியஸின் ஆணைப்படி எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. அச்சத்தினால் பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோது, ரோமாபுரியில் நோவேஷியன் என்ற மூப்பர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றார். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் உள்ளிட்ட பெரும்பாலோர், தகுந்த மனந்திரும்புதலுக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். சபை நின்றது இரண்டாவது பக்கத்தில். மூன்று முறை மறுதலித்த பேதுருவை மேய்ப்பனாக்கிய ஆண்டவரின் சபை வேறெப்படி நிற்கும்? "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று பேதுரு விழுவதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார் (லூக்கா 22:32). பேதுருவின் தைரியம் அன்றிரவு ஒழிந்துபோயிற்று, விசுவாசம் ஒழியவில்லை.

ஜெபத்தை மறுபடி மறுபடி முதலிலிருந்து சொல்வதை நிறுத்திவிடுங்கள். கோபித்துக்கொண்ட பிள்ளை மறுநாள் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்டால் போதும். தாவீது 51ஆம் சங்கீதத்தில் இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பத் தாரும் என்று கேட்கிறான். அவன் இழந்திருந்தது சந்தோஷம். அதற்கு முந்தைய வசனத்தில் உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல் இரும் என்று கெஞ்சவும் செய்கிறான். சவுலைவிட்டுக் கர்த்தருடைய ஆவி நீங்கியதைக் கண்கூடாகக் கண்டவன் அவன். அந்தப் பயம் அவனுக்கு விளையாட்டன்று. தங்கள் பயத்தையும் அப்படியே ஜெபமாக்குங்கள். அதோடு, பலமுறை விழவைக்கிற பாவம் தனியாக இருக்கும்போதுதான் பலம் பெறும் என்பதால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: இரட்சிப்பு கிருபையினால்தான் என்றால் கீழ்ப்படிதல் எதற்கு? கீழ்ப்படிந்தால்தான் இரட்சிப்பு நிலைக்கும் என்றால் அது கிரியையினால் வரும் இரட்சிப்பு ஆகிவிடாதா?

பதில்: கீழ்ப்படிதலை விலையாகப் பார்த்தால் தங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. வேதம் அதை விசுவாசத்திற்கு வெளியே வைப்பதே இல்லை. யோவான் 3:36இல் "குமாரனை விசுவாசியாதவன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம்; அவ்விடத்தில் கிரேக்கம், அதே வசனத்தின் முற்பகுதியிலுள்ள "விசுவாசிக்கிறவன்" என்ற சொல்லின் எதிர்மறையை விட்டு, "கீழ்ப்படியாதவன்" என்று பொருள்படும் வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறது. யோவானுக்கு இரண்டும் ஒரே மனநிலையின் இரு பெயர்கள். எபேசியர் 2:8ஐ மனப்பாடமாகச் சொல்லும் நாம் பத்தாம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறோம். நற்கிரியைகளினால் அல்ல என்று முடித்த கையோடு, நற்கிரியைகளுக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார் பவுல்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் வழியாகப் பெற்ற வாக்கைப் பவுல் அறிவித்துவிட்டார். அதன் பிறகு, நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்கிக் கப்பலாட்கள் தப்பியோடப் பார்த்தபோது, அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்றார். வாக்கு உறுதியானதுதான், எச்சரிப்பும் உண்மையானதுதான். போர்ச்சேவகர் படவின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். அந்தக் கீழ்ப்படிதலின் வழியாகவே வாக்கு நிறைவேறிற்று. கயிற்றை அறுத்ததற்குக் கூலியாகத் தங்கள் உயிர் கிடைத்தது என்று அவர்களில் ஒருவனும் கரையில் நின்று பெருமை பேசியிருக்க மாட்டான். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அந்த மூச்சிலேயே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று சேர்த்ததும் இதே கணக்கில்தான் (2:12 - 13).

கேள்வி: எங்கள் வேதபாடக் குழுவில் இந்தக் கேள்வியால் இரண்டு கட்சிகள் உண்டாகி, ஒருவரையொருவர் கள்ளப்போதகர் என்கிறார்கள். பிரிந்துவிடுவதே நல்லதா?

பதில்: வேண்டாம். கிரியையினால் நீதிமானாகலாம் என்றோ, பாவத்தில் நிலைத்திருக்கலாம் என்றோ ஒருவர் போதித்தால் அது வேறு விஷயம். மற்றபடி, முன்குறித்தலையும், விசுவாசி முடிவுபரியந்தம் நிலைத்திருப்பதையும் குறித்து வெஸ்லியும் அவருடைய நண்பரான பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் 1740ஆம் ஆண்டளவில் அச்சிலேயே மோதிக்கொண்டார்கள். இருவரின் ஊழியங்களும் தனித்தனி வழியில் போயின. கருத்து கடைசிவரை ஒன்றாகவில்லை. 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது, லண்டனில் அவருக்கான நினைவுப் பிரசங்கத்தைச் செய்தவர் வெஸ்லிதான். தங்கள் குழுவினர் அடுத்த வாரம் எபிரெயர் நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து சேர்ந்து வாசிக்கத் தொடங்கட்டும். ஆறாம் அதிகாரம் தன் முறை வரும்போது வரும்.