வாடும் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் மருந்தல்ல

கேள்வி: வீட்டிலுள்ள பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலைகள் துவண்டு சுருங்கிவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. மண் நிரப்பிய பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

பதில்: மண்ணும் வேண்டாம், பெரிய தொட்டியும் வேண்டாம். தொட்டி ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால், பெரும்பாலும் வேர் அழுகியிருக்கும். தண்ணீர் இருக்கிறது, அதை உறிஞ்ச வேர் இல்லை. மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனம் இது. அதன் வேரைப் போர்த்தியுள்ள வெண்ணிற உறை மழைநீரைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, பிறகு காற்றில் உலரும். எப்போதும் நனைந்தே கிடந்தால் காற்றில்லாமல் அழுகும்.

செடியை வெளியே எடுத்துப் பழைய கலவையை முழுவதும் உதிர்த்துவிடுங்கள். கடையில் வாங்கிய செடிகளில் வேர்களின் நடுவே பாசி உருண்டை ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே அது ஈரமாகவே இருக்கும். அதையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து வேர்களை விரலால் அழுத்திப் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம்; வெளிச்சம் படாமல் பழுப்பேறிய வேரும் கெட்டியாக இருந்தால் உயிருள்ளதுதான். கொழகொழவென்று நசுங்குவதும், உறை உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சுவதும் செத்தவை. கத்தரிக்கோலை 70% ஆல்கஹாலால் துடைத்து, அவற்றை நல்ல பகுதிவரை வெட்டுங்கள். பூந்தண்டு இருந்தால் அதையும் அடியோடு வெட்டுவது நல்லது. மனம் வராதுதான், ஆனால் வேரில்லாத செடிக்குப் பூ வீண் சுமை. வெட்டுவாயில் சமையலுக்கான இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம். நல்ல வேரில் தூவினால் அதையும் உலர்த்திவிடும்.

மிஞ்சிய வேர்களைப் பொறுத்தே தொட்டி. நான்கைந்து நல்ல வேர்கள் இருந்தால், அவை நெருக்கமாக அடங்கும் அளவில் அடியில் துளைகளுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி போதும். 1 முதல் 2 செ.மீ. மரப்பட்டைத் துண்டுகள் நான்கு பங்கு, மரக்கரி ஒரு பங்கு. பட்டையை முந்தைய இரவே ஊறவையுங்கள், இல்லையென்றால் அது நீரைப் பிடிக்காது. அடியிலைக்குக் கீழே கலவை நிற்க வேண்டும்; தண்டைப் புதைத்தால் மறுபடி அழுகல்தான். செடி ஆடினால் குச்சியில் கட்டுங்கள், ஆட்டத்தில் புது வேர்நுனி உரசிக் கெடும்.

ஒன்றிரண்டு வேரே மிஞ்சினால், நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (ஈரம் பிடித்து வைக்கும் ஒருவகைப் பாசி) தளர்வாகச் சுற்றிச் சிறு தொட்டியில் வைத்து, துளையிட்ட ஒளி ஊடுருவும் பையால் மூடுங்கள். நேர்வெயில் படக் கூடாது. உள்ளே பூஞ்சை கட்டாதபடி தினமும் சிறிது நேரம் பையைத் திறந்து வையுங்கள்.

பட்டையில் நட்ட செடிக்கு நான்கைந்து நாள் கழித்தே முதல் தண்ணீர். அதன்பின் கிழமைக் கணக்கு வேண்டாம்: வேர் வெள்ளி நிறமாகி, தொட்டி எடை குறைந்ததும் காலையில் நன்றாக நனைத்து முழுவதும் வடியவிடுங்கள். குருத்தில் தேங்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். புது வேர் சில செ.மீ. நீளும்வரை உரம் கூடாது; பிறகும் உரப் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கே போதும்.

சுருங்கிய இலை பழையபடி நிமிராமலும் போகலாம். பச்சை நுனியோடு புது வேர் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இடையே அடியிலை ஒன்று மஞ்சளாகி உதிர்ந்தால் பயமில்லை. ஆனால் குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அந்தத் தண்டு இனி வளராது. அடியில் பக்கக்கன்று கிளம்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.