36 படங்களுக்குள் ஒரு திருமணம்

கேள்வி: தாத்தாவின் பழைய பிலிம் கேமரா என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் தோழியின் திருமணம். எல்லோரும் கைப்பேசியோடு நிற்கும் இடத்துக்கு இதை எடுத்துச் செல்வது சரிவருமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன் 36 படங்கள் கொண்ட ஒரு பிலிம் ரோலை முழுவதும் எடுத்து, கழுவக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் பாட்டியின் 80-வது பிறந்த நாளன்று குடும்பம் முழுவதும் ஒரே கூடத்தில் இருந்தது. அப்படி எல்லோரும் கூடியது அதுதான் கடைசி முறை. படம் எடுத்தது நான். எத்தனையாவது படம் என்று காட்டும் எண்காட்டி 36-க்கு வந்த பிறகும், பிலிமை நகர்த்தும் நெம்புகோல் தடையில்லாமல் நகர்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. திறந்து பார்த்தால், பிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. காலை முதல் மாலை வரை ஒரு படம்கூடப் பதியவில்லை. அடுத்த ஆண்டு பாட்டி இறந்துவிட்டார்.

அதனால், பிலிமைப் போட்டு மூடியதும் இடப்பக்கம் உள்ள, பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறை நெம்புகோலைத் தள்ளும்போதும் அந்தக் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் பிலிம் நகர்கிறது. நான் இன்றுவரை ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கிறேன்.

பின்கதவின் ஓரத்தில் கறுப்புப் பஞ்சுப்பட்டை இருக்கும். வயதானால் அது பிசுபிசுத்து உதிர்ந்து வெளிச்சத்தை உள்ளே விடும், அதை மாற்றிவிடலாம். 1960கள், 70களில் வந்த பல கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. நச்சு என்பதால் அந்த பேட்டரி இன்று கிடைப்பதில்லை. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் ஒளிமானி காட்டும் கணக்கு தவறலாம். கைப்பேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஎஸ்ஓ 400 (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் எண்) கலர் நெகட்டிவ் பிலிம் வாங்குங்கள். அது வெளிச்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. சந்தேகம் வரும் இடத்தில் கூடுதலாகவே கொடுங்கள்.

இன்னொன்று. திருமணத்தின் முக்கியக் கட்டங்களை அதற்கென அமர்த்தப்பட்ட புகைப்படக்காரரிடம் விட்டுவிடுங்கள். அந்த நிமிடங்களை ஒரே ஒரு பழைய கேமராவை நம்பி எடுப்பது தோழிக்குச் செய்யும் நியாயம் ஆகாது. உங்கள் 36 படங்களை அவர் கண்ணில் படாதவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசும் இரண்டு முதியவர்கள், உடையைச் சரிசெய்துவிடும் தங்கை, எல்லோரும் போன பின் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அப்பா. தோழி பிற்பாடு தேடப்போவது இவற்றைத்தான்.

கேள்வி: பிலிம் போன்ற நிறத்தைத் தரும் செயலிகள் இருக்கும்போது வீண் செலவு எதற்கு?

பதில்: நிறம் மட்டும்தான் வேண்டும் என்றால் செயலியே போதும், பிலிம் வாங்காதீர்கள். நான் பிலிமை விடாததற்குக் காரணம், அந்தக் கேமராவின் முதுகில் திரை இல்லாததுதான். கைப்பேசியில் எடுத்தவுடன் ஐந்து பேரும் திரையைச் சுற்றிக் குவிகிறார்கள். ஒருவருக்குக் கண் மூடியிருக்கிறது, இன்னொருவருக்குத் தன் முகம் பிடிக்கவில்லை, மறுபடி எடுக்கிறோம். நடந்துகொண்டிருந்த பேச்சு அத்தோடு அறுந்துவிடுகிறது. பிலிம் கேமராவில் எடுத்தால், குழந்தைகள் வழக்கம்போல ஓடிவந்து பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள், வெறும் மூடியைக் கண்டு ஒரு கணம் திகைக்கிறார்கள், விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள். இரண்டாவது படத்தை அப்போதுதான் எடுப்பேன். நான் போற்றி வைத்திருக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படிக் கிடைத்த இரண்டாவது படங்கள்.

கேள்வி: விருந்தில் மேசைக்கு ஒன்றாக, ஒருமுறை மட்டும் பயன்படும் கேமராக்களை வைக்க நினைக்கிறோம். நல்ல யோசனையா?

பதில்: நல்ல யோசனைதான். ஃபியூஜி நிறுவனம் 1986-ல் இந்த வகைக் கேமராவைக் கொண்டுவந்தபோதே நோக்கம் அதுதான், யாரும் எடுக்கலாம். ஆனால் விருந்தினர்கள் ஃபிளாஷ் பொத்தானை மறந்துவிடுவார்கள். இந்தக் கேமராவில் ஷட்டர் வேகமும், ஒளி நுழையும் லென்ஸ் துளையின் அளவும் மாறாதவை, ஆகவே கூடத்துக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் இருட்டுதான் மிஞ்சும். ஃபிளாஷ் எட்டுவதும் ஏறக்குறைய 3 மீட்டர் வரைதான். ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் முகம் மங்கும். கேமராவிலேயே ஒரு சீட்டை ஒட்டி, "ஃபிளாஷ் விளக்கு எரிந்த பின் அழுத்தவும், இரண்டு எட்டுத் தள்ளி நிற்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: விமானத்தில் போகவேண்டிய விழா. பிலிம் கெடுமா?

பதில்: சரக்குப் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பையைச் சோதிக்க இப்போது வந்திருக்கும், எக்ஸ்ரேயால் முப்பரிமாணப் படம் எடுக்கும் சிடி ஸ்கேனர்களும் பிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். ரோல்களைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் தனியாக எடுத்து நீட்டி, கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: பெரிய குழுவைக் கூடத்துக்குள் எடுத்தால் முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை இருண்டும் வருகிறது. ஒரு ரோலில் ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதி கறுப்பாகவும் வந்தது. ஏன்?

பதில்: பாதி கறுப்பானது ஷட்டர் வேகத்தால். பழைய துணித்திரை ஷட்டர் கேமராக்களில் பெரும்பாலும் 1/60 நொடியைவிட வேகமாக வைத்தால், ஃபிளாஷ் மின்னும் நேரத்தில் திரை முழுவதும் திறந்திருக்காது. 1/60-லேயே வையுங்கள்.

வரிசை விஷயம் தூரத்தைப் பொறுத்தது. 2 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் கால் பங்குதான் 4 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். எனவே வரிசைக்குப் பின் வரிசையாக நிறுத்தாமல், உங்களைச் சுற்றி வில்போல வளைத்து நிறுத்துங்கள். எல்லோரும் ஒரே தூரத்தில் இருப்பார்கள். துளை அளவுக்குச் சிறு கணக்கு போதும். ஃபிளாஷின் வலிமையைக் குறிக்கும் வழிகாட்டி எண் (மீட்டர் கணக்கில்) ஐஎஸ்ஓ 100-க்கு 20 என்றால், 400-க்கு அது 40 ஆகும். அதைத் தூரத்தால் வகுங்கள். 5 மீட்டர் என்றால் 8, அதாவது கேமராவில் எஃப் 8 என்ற துளை அளவு.

கேள்வி: "படம் எங்கே?" என்று மறுநாளே கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: ஒரு தேதியைச் சொல்லி அன்றைக்குக் கொடுத்துவிடுங்கள். நாம் கேட்டதற்காகச் சிரித்து நின்றவர்களுக்கு அந்தப் படம் நாம் பட்ட கடன். ரோலைக் கழுவாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் வழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். நான் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பேன். படத்தின் எண்ணுக்கு நேராக, யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று குறிப்பேன். பிரிண்ட் வந்ததும் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுப்பேன். ஸ்டூடியோவில் ஸ்கேன் மட்டும் கொடுத்துவிட்டு நெகட்டிவைத் தராமல் இருந்தால், கேட்டு வாங்கிவாருங்கள்.

சில மாதங்களுக்கு முன் உறவுப் பெண் ஒருவர், காலமான தன் அப்பாவின் படம் இருக்குமா என்று கேட்டார். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டில் அவர் பெயருக்கு நேராக 11 என்று இருந்தது. நெகட்டிவ் உறையில் 11-வது கட்டத்தில், ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு, யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய பிரிண்டாகப் போட்டுக் கொடுத்தேன்.